சொர்ணாம்பாள் டீச்சர் வாங்கிய கேமரா

தொண்ணூற்றெட்டாம் வருஷம் மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில், சொர்ணாம்பாள் டீச்சர் வீட்டில் திருட்டுப் போனது. பீரோவை யாரும் தொடவில்லை. துணிமணி கலையவில்லை. சமையலறையில் அரிசி டின் மட்டும் தரையில் கவிழ்ந்து கிடந்தது. அதற்குள் துணியில் முடிந்து வைத்திருந்த அட்டிகையும், மகளுக்கென்று செய்திருந்த நான்கு வளையல்களும் இல்லை. பின்கதவின் தாழ்ப்பாளை வெளியிலிருந்து ஏதோ கம்பியை விட்டு நெம்பித் திறந்திருந்தார்கள்.

அவரும் நானும் ஒரே அரசுப் பள்ளியில் ஒன்பது வருஷமாக வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல், நான் ஆங்கிலம். என் பெயர் ஃபிளோரா. மதியச் சாப்பாட்டை இரண்டு பேரும் பகிர்ந்துகொள்வோம் என்பதைத் தவிர அதுவரை பெரிய நெருக்கம் ஒன்றும் கிடையாது. அவர் கணவர் சிவசண்முகம் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளர், நாகர்கோவிலில் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து திங்கள் காலை முதல் பஸ்ஸில் போய்விடுவார். மகள் விஜயஸ்ரீ மதுரையில் விடுதியில் தங்கிப் படித்தாள். தச்சநல்லூரைத் தாண்டி மனை போட்ட பகுதியில் கடைசி வரிசை வீடு. பின்னால் வயல். ஆக, வாரத்தில் ஐந்து நாள் டீச்சர் தனி ஆள்.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் மரியாதையாகத்தான் பேசினாராம். வீட்டுக்கு யார் யார் வந்து போவார்கள் என்று கேட்டார். முப்பிடாதி என்ற பெண் காலையில் வந்து பாத்திரம் விளக்கி, வாசல் தெளித்துவிட்டு எட்டு மணிக்குப் போய்விடுவாள், பதினோரு வருஷமாக வருகிறாள் என்று டீச்சர் சொன்னார். அரிசி டின்னில் நகை இருப்பது வீட்டு ஆட்கள் தவிர வேறு யாருக்குத் தெரியும் என்று அடுத்த கேள்வி வந்தது.

"முப்பிடாதிக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார் டீச்சர்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. அவள்தான் எடுத்தாள் என்று சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த டின்னைக் கழுவிக் காயவைக்கும்போது துணி முடிச்சை எடுத்து டீச்சர் கையில் கொடுத்தவளே முப்பிடாதிதான். "பத்திரமா வைங்கம்மா" என்று சொல்லியிருக்கிறாள். அது ஞாபகத்தில் இருந்ததால் வாயில் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் முப்பிடாதியைப் போலீஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். அடிக்கவில்லை, உட்கார வைத்தார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். அவளிடமிருந்து ஒன்றும் கிடைக்கவில்லை, வழக்கும் அதற்கு மேல் நகரவில்லை. அவள் டீச்சர் வீட்டுக்குப் பிறகு வரவில்லை. அதே தெருவில் அவள் வேலை பார்த்த மற்ற மூன்று வீடுகளிலும் ஒரு வாரத்துக்குள் ஆளுக்கொரு காரணம் சொல்லி அவளை நிறுத்திவிட்டார்கள். இதையெல்லாம் டீச்சரே என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் விரல் மேசை விளிம்பில் இருந்த மரச்சிம்பைப் பிய்த்துக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு அவரால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். ஒருநாள் மூன்றாவது பாடவேளையில் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு என்னை வகுப்பில் நிற்க வைத்து, டவுன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஐந்தாவது பாடவேளைக்கு வந்து சேர்ந்தார். என்ன விஷயம் என்று கேட்டால், ஒன்றுமில்லை, அடுப்பை அணைத்தேனா என்று சந்தேகம் என்றார். சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார், மூடுவார். நான் கொடுக்கும் மீன் குழம்பை வாங்க மாட்டார், அவர் சைவம். முன்பு என் அவியலை மட்டும் ருசி பார்த்துக் குறை சொல்வார். அந்தக் குறையும் நின்றுபோனது.

சித்திரையில் அவர் இன்னொன்று ஆரம்பித்தார். பள்ளிக்கோ, விடுமுறையில் வெளியிலோ கிளம்பும்போது வீட்டின் பக்கவாட்டுச் சந்தில், சுவருக்கும் மதிலுக்கும் நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு கறுப்பு நூலைக் கட்டுவார். பின்வாசல் படியில் கோலமாவைச் சல்லடையில் சலித்து மெல்லிசாகப் பரப்பி வைப்பார். பின்பக்கம் போக அந்தச் சந்தை விட்டால் வேறு வழி கிடையாது. சாயங்காலம் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே அங்கேதான் போவார். பல நாள் நூல் அப்படியே இருந்தது. சித்திரைக் கடைசியில் ஒருநாள் அறுந்து கிடந்தது. மாவில் ஒரு செருப்புத் தடம், பாதி மட்டும். ஸ்கேலை வைத்து அளந்து குறித்துக்கொண்டார். ஆண் தடமா, பெண் தடமா என்று அதை வைத்துச் சொல்ல முடியவில்லை. வீட்டில் ஒன்றும் காணாமல் போகவில்லை. வைகாசியிலும் அதே மாதிரி ஒரு நாள்.

ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம் அவர் என்னிடம் வந்து, உங்கள் தம்பி டைட்டஸ் கேமரா மாட்டுவாராமே என்று கேட்டார்.

டைட்டஸ் சரக்குக் கப்பலில் எலக்ட்ரீஷியனாகப் பத்து வருஷம் இருந்தவன். கடல் வேலை போதும் என்று வந்து பாளையங்கோட்டையில் டிவி, வீடியோ டெக் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். கப்பலின் எஞ்சின் அறையில் இருந்த கேமராக்களை அவன் கழற்றி மாட்டியிருக்கிறான் என்று எப்போதோ நான் பெருமை அடித்துக்கொண்டது அவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அந்தக் காலத்தில் திருநெல்வேலியில் வீட்டுக்குக் கேமரா வைத்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. வங்கியில் பார்த்திருக்கிறேன், பெரிய நகைக்கடையில் பார்த்திருக்கிறேன். டீச்சர் வீட்டுக்குக் கேமரா என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

டைட்டஸிடம் வருவதற்கு முன்னாலேயே அவர் இரண்டு இடத்தில் விசாரித்திருந்தார். மதுரையிலிருந்து ஒரு கம்பெனிக்காரர் வழவழப்பான புத்தகத்தோடு வந்து, வீட்டின் நாலு மூலைக்கும் நாலு கேமரா, நாலு படமும் ஒரே திரையில் தெரிய ஒரு பெட்டி, இருபத்துநாலு மணி நேரமும் பதிய வெளிநாட்டு ரெக்கார்டர் என்று அடுக்கினார். கேட்டதற்கெல்லாம் முடியும் என்றார். மழையில் நனையலாமா? நனையலாம். வெயில் பட்டால்? ஒன்றும் செய்யாது. இடி விழுந்தால்? அதற்கும் ஒன்றுமில்லை. இடிக்கு ஒன்றுமில்லை என்று சொன்ன ஆளிடம் மேற்கொண்டு பேச டீச்சருக்கு இஷ்டமில்லை.

இரண்டாவது, ஜங்ஷனில் வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருந்த காயல்பட்டினத்துக்காரர் காஜா முகைதீன். அவரிடம் துபாயிலிருந்து வந்த ஒரு கேமரா இருந்தது. பார்க்க அச்சு அசல். முன்பக்கம் சிவப்பு விளக்கு மினுக் மினுக்கென்று எரியும். அதை அவர் டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, "உள்ள ஒண்ணும் கெடயாது டீச்சர். பேட்டரியும் லைட்டும் மட்டுந்தான். மறச்சு விக்க மாட்டேன். ஆனா பாக்கவனுக்கு அது தெரியாதுல்லா" என்றாராம். விலை ஒரு சாதாரண டார்ச் லைட் விலைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டைட்டஸைக் கூட்டிக்கொண்டு நான் டீச்சர் வீட்டுக்குப் போனேன். சிவசண்முகம் சாரும் இருந்தார். நல்ல மனிதர், அதிர்ந்து பேசாதவர். காஜா முகைதீன் கடை கேமராவையே வாங்கி முன்வாசலுக்கு மேலே மாட்டிவிடலாம் என்பது அவர் கட்சி. திருட வருகிறவன் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தாலே அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான், நமக்கு வேண்டியது அதுதானே என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"எனக்கு அவன் பயந்து ஓட வேண்டாம்" என்றார் டீச்சர். "வரணும். யாருன்னு எனக்குத் தெரியணும்."

"யாருன்னா? நீ யாரச் சொல்லுத, சொர்ணா?"

டீச்சர் காபி போட எழுந்து போய்விட்டார். காபி வர வெகுநேரம் ஆனது. சார் செய்தித்தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு டைட்டஸ் வீட்டைச் சுற்றி வந்தான். நாலு கேமராவெல்லாம் வேண்டாம், வாங்கவும் முடியாது, சாயங்காலம் உட்கார்ந்து நாலு படத்தையும் பார்க்க ஆளும் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிட்டான். ஒரே கேமரா, கறுப்பு வெள்ளை. பம்பாயில் கப்பல் சாமான் விற்கும் இடத்தில் அவனுக்குத் தெரிந்த ஆள் இருக்கிறான், நல்லதாக அனுப்புவான். ரெக்கார்டருக்கு வீட்டில் இருக்கும் டெக்கே போதும். நாலு மணி நேர டேப்பைப் பாதி வேகத்தில் ஓட்டினால் எட்டு மணி நேரம் வரும், பள்ளிக்குப் போய்த் திரும்பும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். கரண்ட் போனால் டெக் நின்றுவிடும் என்பதால் ஒரு லாரி பேட்டரியை வைத்து அவனே ஏதோ செய்து தருவான். இத்தனையும் சொல்லிவிட்டு, எங்கே வைப்பது, எந்தக் கண்ணாடி போடுவது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்று டீச்சரைப் பார்த்தான்.

"வீட்டப் பாக்கணுமா, ஆளப் பாக்கணுமா டீச்சர்? ரெண்டும் ஒரு கண்ணாடில கெடைக்காது."

டீச்சர் ஒரு ரஃப் நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நாலு மாதத்தில் அவர் பதறாமல் செய்த முதல் வேலை அதுதான் என்று நினைக்கிறேன். வகுப்பில் போடுவது போலவே ஒளிக்கதிர்களை வரைந்து, குவிய தூரத்தை எழுதி, கணக்குப் போட்டார். குவிய தூரம் குறைந்த அகலக் கண்ணாடியைப் போட்டால் கேட், சந்து, துளசிமாடம் எல்லாம் படத்தில் விழும். ஆனால் பதினாறடி தூரத்தில் நிற்கும் ஆளின் முகம் டிவியில் சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். நீளக் கண்ணாடியைப் போட்டால் ஆறரை அடி அகலம் மட்டும் தெரியும், முகம் எலுமிச்சம்பழ அளவு இருக்கும், அடையாளம் தப்பாது. சந்தின் அகலம் நாலடி. பின்பக்கம் போகிற யாரும் அதைத் தாண்டாமல் போக முடியாது.

கேமராவைப் பின்மூலையில் சன்ஷேடுக்குக் கீழே வைத்து, சந்து வழியாக வருகிறவர்களுக்கு எதிராகத் திருப்ப வேண்டும் என்றார். வீடு வடக்கு பார்த்தது. கேமராவும் வடக்கே பார்க்கும் என்பதால் எந்த மாதத்திலும் வெயில் நேராகக் கண்ணாடியில் விழாது. காலை ஒன்பது மணி, நடுப்பகல், மூன்று மணி என்று மூன்று தடவை அதே இடத்தில் நாற்காலி போட்டு ஏறி நின்று பார்த்தும் விட்டார்.

டைட்டஸுக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. அங்கே வைத்தால் ஆள் வருவது தெரியும், பின்வாசலில் நின்று என்ன செய்கிறான் என்பது தெரியாதே என்றான். "மொகம் தெரிஞ்சாப் போதும்" என்றார் டீச்சர். நோட்டை மூடிவிட்டார்.

ஆனி கடைசியில் கேமரா வந்தது. டைட்டஸ் மழைக்குப் பிளாஸ்டிக் குழாயில் கூடு செய்து, முன்னால் கண்ணாடி ஒட்டி, கேபிளைச் சுவரோரமாகவே இழுத்து உள்ளே கொண்டுபோனான். நாலு மூலைக்கும் போய் நின்று பார்த்தாலும் கேமரா சட்டென்று கண்ணில் படாது. சிவப்பு விளக்கு எதுவும் கிடையாது.

அன்றிலிருந்து டீச்சரின் சாயங்காலங்கள் டேப்புக்குப் போயின. விளக்கைக்கூடப் போடாமல், வேகமாக ஓடவிட்டு முக்கால் மணி நேரத்தில் ஒரு பகலைப் பார்த்து முடிப்பார். மறுநாள் எனக்கு அறிக்கை வரும். கேஸ் சிலிண்டர்காரர் வந்தார், கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். எதிர்வீட்டு அம்மா கேட்காமல் கொள்ளாமல் உள்ளே வந்து, சந்து முனையில் நின்றபடியே கறிவேப்பிலை ஒடித்துக்கொண்டு போகிறார், வாரத்துக்கு இரண்டு தடவை. ஒரு கீரி. கண்ணாடிமேல் குளவி உட்கார்ந்தால் திரை முழுக்க யானை நிற்பது போல இருக்கிறது. தென்மேற்குக் காற்று வலுத்த பிறகு மதிலுக்கு வெளியே நின்ற முருங்கைக் கிளை ஆடுவதெல்லாம் ஆள் வருவது போலத் தெரிந்து, ஒவ்வொரு தடவையும் நிறுத்திப் பின்னால் ஓட்டிப் பார்ப்பார். கேமரா வந்தால் ஆறுதல் வரும் என்று நான் நினைத்தேன். முன்பு சந்தேகப்படுவதற்கு நூலும் மாவும்தான் இருந்தன. இப்போது எட்டு மணி நேரம் இருந்தது.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அவர் பள்ளிக்கு வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. சாயங்காலம் வீட்டுக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

போனேன். முந்தின நாள் டேப்பை ஓட்டினார். நடுப்பகல் வெளிச்சத்தில் சந்து வெறுமையாகக் கிடந்தது. பிறகு முப்பிடாதி வந்தாள். பழைய பூப்போட்ட சேலை, கக்கத்தில் ஒரு துணிப்பை. கேமரா இருப்பது தெரியாமல் நேராக அதைப் பார்த்தே நடந்து வந்தாள். நெற்றியில் குங்குமம்கூடத் தெரிந்தது. கடந்து போனாள். மூன்று நிமிஷம் கழித்து அதே வழியில் திரும்பிப் போனாள், முதுகு மட்டும். பை கக்கத்தில்தான் இருந்தது. அது உள்ளே வரும்போது இருந்ததைவிடக் கனமா, இல்லையா என்று எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தோம் என்று எனக்கே தெரியாது. பின்கதவுப் பூட்டு பூட்டியபடி இருந்தது. வீட்டில் எல்லாம் இருந்தன.

"மொகம் தெரியுது" என்றார் டீச்சர். "என்ன செஞ்சாள்னு தெரியல."

அவர் டேப்பை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போகலாமா என்று கேட்டார். எனக்கு அவர் மேல் அப்போது வந்த கோபத்தை இப்போதும் மறக்கவில்லை. நான் குரலை உயர்த்தவில்லை. பதினோரு வருஷம் வந்து போனவள், வீடு தெரியும், போய்க் கேட்டுவிடலாமே என்றேன். அவர் திரையில் நின்றிருந்த படத்தை அணைத்தார். நாளைக்கு நீங்களும் வருவீர்களா என்றார்.

ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒற்றை அறை வீடு. முப்பிடாதி வாசலில் உட்கார்ந்து மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. பாயை மட்டும் இழுத்துப் போட்டாள். உட்காருங்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"வியாழக்கெழம எங்க வீட்டுக்கு வந்தியா?" என்று டீச்சர் கேட்டார்.

"வந்தேன்."

அவர் மறுப்பை எதிர்பார்த்திருந்தார். அது வராததால் அடுத்த கேள்வி அவருக்கு வரவில்லை. முப்பிடாதி இலையை அளவுக்கு வெட்டி, தூளை வைத்து, ஒரு பீடியை உருட்டி நூல் சுற்றி முடித்தாள். அப்புறம் அவளாகவே சொன்னாள்.

"ரேஷன் கார்டு எடுக்க வந்தேன். பின்னால வெறகு ரூம்ல, ஓட்டுக்குக் கீழ சொருகி வச்சிருக்கேன். கார்டும் எம் மவ கொலுசும். நாலு வருசமா அங்கனதான் இருக்கு. இங்க வச்சா எங்க வீட்டு மனுசன் ஒரே நாள்ல கொண்டு போய் அடகு வச்சுக் குடிச்சிருவாரு. மாசம் ஒரு நா எடுப்பேன், சாமான் வாங்கிட்டு அன்னைக்கு ராத்திரியே திரும்பக் கொண்டாந்து வைப்பேன்."

வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்த நாளிலிருந்து டீச்சர் அந்த விறகு அறைக்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றார். முதலில் வெட்கமாக இருந்தது, பிறகு நீங்கள் பேசும் நிலைமையில் இல்லை என்றாள் முப்பிடாதி.

"போலீசு வந்த பொறவும் ஏன் அங்கயே வச்சே?"

"வேற எங்கம்மா வைக்க? எனக்குத் தெரிஞ்சதுல உங்க வீடுதான் பத்திரம்."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னாள். டீச்சர் பாயின் ஓரக் கோரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தான் வந்தது எப்படித் தெரியும் என்று முப்பிடாதி கேட்டாள். டீச்சர் கேமராவைப் பற்றிச் சொன்னார். எங்கே இருக்கிறது, எதைப் பார்க்கிறது என்று எல்லாம் ஒளிக்காமல் சொன்னார். அவளுக்குக் கோபம் வரும் என்று நான் பயந்தேன்.

"அதை மாசி மாசமே வச்சிருக்கக் கூடாதா?" என்றாள் முப்பிடாதி. "நான் வரலங்கதும் அதுல விழுந்திருக்கும்லா."

டீச்சர் அழவில்லை. தான் அன்றைக்குச் சொன்னது தப்பு என்றார். முப்பிடாதி சுளகை மடியிலிருந்து இறக்கி வைத்தாள். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து, வாங்க போவோம் என்றாள்.

மூன்று பேரும் நடந்தே தச்சநல்லூருக்குப் போனோம். அவள் விறகு அறைக்குள் போய், ஒரு பழைய பால் கேனின் மேல் ஏறி, ஓட்டுச் சந்திலிருந்து பாலிதீன் பொட்டலத்தை எடுத்தாள். புழுதியை ஊதித் துடைத்தாள். இனிமேல் இங்கே வேண்டாம் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சர், நீங்க வச்சுக்கிடுதியளா?"

அவளுக்கு என்னை அன்றைக்குத்தான் தெரியும். டீச்சர் பக்கத்தில் நின்றார். வாங்குவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சர்தான் வாங்கிக்கிடுங்க என்பது போலத் தலையை அசைத்தார். வாங்கிப் பையில் வைத்தேன். பிறகு மாதம் ஒரு தடவை அவள் என் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுப்பாள். வந்தால் காபி குடிப்பாள். தன் மகளைப் பற்றிப் பேசுவாள்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. முப்பிடாதியை வேலையிலிருந்து நிறுத்திய மூன்று வீடுகளுக்கும் டீச்சர் போனார். சார் கூட வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவள் பெயரைத் தான்தான் போலீசிடம் சொன்னதாகவும், எந்த ஆதாரமும் இல்லாமல் சொன்னதாகவும், அவளை நிறுத்தியது சரியில்லை என்றும் மூன்று வீட்டிலும் சொன்னார். முதல் வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். இரண்டாவது வீட்டில், அப்படியானால் திருடன் அகப்பட்டுவிட்டானா என்று கேட்டார்கள். இல்லை என்றார். பிறகு எப்படி இவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்றார்கள்.

"அன்னைக்கும் தெரியாமத்தான் சொன்னேன், இன்னைக்கும் தெரியாமத்தான் சொல்லுதேன்" என்றாராம் டீச்சர். "அன்னைக்குச் சொன்னதுக்கு அவ நாள் பூரா போலீஸ் ஸ்டேஷன்ல உக்காந்திருந்தா. இன்னைக்குச் சொல்லுததுக்கு நான் உங்க முன்னால நிக்கேன்."

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு நிலையத்துக்கும் போனார். முப்பிடாதி மேல் தனக்குச் சந்தேகம் இல்லை என்று எழுதிக் கொண்டுபோயிருந்தார். இதெல்லாம் தேவையில்லை, அந்தப் பெண் பேரில் வழக்கே கிடையாது என்றார்கள். தேவையில்லாவிட்டாலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி மத்தியானம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்து கொடுத்துவிட்டுத்தான் வந்தார். அங்கே இருந்த வயதான ஏட்டு ஒருவர், அரிசி டின்னைப் பற்றி யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, திருட வருகிறவர்கள் எல்லா வீட்டிலும் முதலில் அதைத்தான் கவிழ்ப்பார்கள் என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். மாசி மாதத்தில் இதை யாராவது சொல்லியிருந்தால் என்று டீச்சர் என்னிடம் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார்.

மூன்று வீட்டில் ஒரு வீடு மட்டும் முப்பிடாதியைத் திரும்பக் கூப்பிட்டது. மற்ற இரண்டு வீடுகளில் அதற்குள் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். எங்கள் பள்ளியில் ஆயா வேலை காலியானபோது டீச்சர் தலைமையாசிரியையிடம் போய் அவளுக்காகப் பேசினார். நல்ல பெண்ணா என்று கேட்டதற்கு, நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். செய்தியை நான்தான் கொண்டுபோனேன். முப்பிடாதி யோசித்துவிட்டு வேண்டாம் என்றாள். "அங்க போனா அவியள தெனமும் பாக்கணும்லா" என்றாள். அப்புறம் அவளாகவே வண்ணார்பேட்டையில் ஒரு விடுதியின் சமையலறையில் வேலை தேடிக்கொண்டாள். இதை டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கி, உள்ளபடியே சொன்னேன். அவர் சரி என்றார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஐப்பசியில் பெரிய இடி மழை ஒன்றில் கேமரா கருகிப் போனது. டெக்கும் போனது. இனி அது தேவைப்படாது, விட்டது தொல்லை என்று டீச்சர் நிம்மதியாவார் என்று நினைத்தேன். அவர் டைட்டஸைக் கூப்பிட்டு வேறு கேமராவும் டெக்கும் வாங்கச் சொன்னார். இந்தத் தடவை அகலக் கண்ணாடி, பின்வாசலும் விறகு அறையும் தெரிகிற இடத்தில். முகம் சின்னதாகத் தெரிந்தால் போதும், வந்தவர் என்ன செய்கிறார் என்பது தெரிய வேண்டும் என்றார். டேப்பைத் தினமும் பார்ப்பதை மட்டும் விட்டுவிட்டார். ஏதாவது காணாமல் போனால் பார்த்துக்கொள்ளலாம் என்று பழைய டேப்பின் மேலேயே திரும்பத் திரும்பப் பதிய விட்டார். பள்ளியிலிருந்து பாதியில் ஓடுவது குறைந்தது. அறவே நின்றது என்று சொல்ல மாட்டேன். அட்டிகையும் வளையலும் கிடைக்கவில்லை. எடுத்தது யாரென்றும் தெரியவில்லை.

தை மாதம் முப்பிடாதியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. எனக்குப் பத்திரிகை கொடுத்துவிட்டு இன்னொன்றையும் மேசையில் வைத்தாள். உறையில் பெயர் எழுதவில்லை. யாருக்கு என்று நான் கேட்கவில்லை, டீச்சரிடம் கொடுத்தேன். வேறு யாருக்காவது கொடுத்ததை எனக்குக் கொண்டு வந்துவிட்டீர்களோ என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். வருவதா வேண்டாமா என்று கடைசிவரை சொல்லவில்லை. கல்யாணத்தன்று காலையில் ஜங்ஷனில் பஸ் ஏறும்போது பார்த்தால், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு எனக்கு முன்னாலேயே வந்து நின்றிருந்தார்.

கோவில் மண்டபத்தில் சின்னக் கல்யாணம். டீச்சர் பின்வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். தாலி கட்டி முடிந்ததும் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். முப்பிடாதி அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். எங்கள் வரிசைக்கு வந்தபோது நின்று, ரசம் வாளியோடு வந்தவரைக் கூப்பிட்டு டீச்சர் இலையைக் காட்டி ஊற்றச் சொன்னாள்.

"சாப்பிட்டியளாம்மா?"

"சாப்பிடுதேன்" என்றார் டீச்சர். "மாப்ள நல்லா இருக்காரு."

"ஆமா, பாவம், நல்ல பையன்" என்றாள் முப்பிடாதி. அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள்.